ஐ.பி.எம். ஆட்குறைப்பும் தொழிலாளர் உள்ளமும்

ஆட்குறைப்பு என்றவுடன் எண்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. எத்தனை ஆயிரம் பேர் நீக்கப்பட்டனர், எத்தனை கோடி மிச்சமாயிற்று என்பனவற்றையே செய்தித்தாள்கள் தலைப்பாக்குகின்றன. வேலையிழந்தோர் அந்நிகழ்ச்சியை எவ்வாறு விளங்கிக்கொண்டனர், யார்மீது குறை கண்டனர், பின்னர் என்ன செய்தனர் என்னும் வினாக்கள் வரலாற்று நூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன. இவ்வினாக்களுக்கு விடை காண ஏற்ற களமாக அமைவது அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்தில் 1993-இல் நிகழ்ந்த பெரும் ஆட்குறைப்பு. அதற்குக் காரணம் இரண்டு. அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆட்குறைப்பே செய்யாத நிறுவனம் என்று பெயர் பெற்றிருந்தது அது. மேலும், வெளியேற்றப்பட்டோருள் சிலர் தமக்குள் பேசிக்கொண்டவற்றை ஓர் அறிஞர் கேட்டு எழுதி வைத்துள்ளார்.

வாட்சன் வகுத்த வழி

இந்நிறுவனம் 1911-இல் மூன்று சிறு கம்பெனிகளின் இணைப்பாகத் தோன்றியது. அவற்றுள் ஒன்று, 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குத் துளை அட்டை இயந்திரங்களை அமைத்துக் கொடுத்த ஹெர்மன் ஹாலரித் நிறுவியது. 1914-இல் தாமஸ் வாட்சன் என்பார் இதன் தலைமையை ஏற்க வந்தார். 1924-இல் இதற்கு இன்டர்நேஷனல் பிசினஸ் மெஷின்ஸ் என்னும் பெயர் சூட்டப்பட்டது. அதன் சுருக்கமே ஐ.பி.எம்.

வாட்சனின் வாழ்வில் ஒரு செய்தி ஈண்டு நினைக்கத் தக்கது. அவர் இதற்கு முன் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்னும் கம்பெனியில் நெடுங்காலம் உழைத்து உயர் பதவியை எட்டியவர். அக்கம்பெனியின் தலைவரான ஜான் பேட்டர்சன் 1913-இல் அவரை வேலையினின்று நீக்கினார். முதலாளி ஒருவரின் மனமாற்றத்தால் வேலையிழந்த அவரே, வேலை நீக்கம் இல்லாத நிறுவனம் ஒன்றைப் பின்னாளில் வளர்த்தார்.

1929-இல் தொடங்கிய பெருமந்தம் அவருக்குச் சோதனையாக வந்தது. பிற ஆலைகள் கதவடைத்துத் தொழிலாளரைத் தெருவில் விட்டபொழுது, வாட்சன் நியூயார்க் மாநிலத்து எண்டிகாட் நகரில் இருந்த தம் தொழிற்சாலையை ஓட்டிக்கொண்டே இருந்தார். வாங்குவார் இன்றிச் செய்த இயந்திரங்கள் கிடங்குகளில் குவிந்தன. பலர் இதனை அறியாமை என்று கருதினர். ஆனால் 1935-இல் அமெரிக்க அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2 கோடியே 60 இலட்சம் மக்களின் ஊதியக் கணக்கைப் பேண வேண்டிய பெரும்பணி எழுந்தது. அதற்கு வேண்டிய இயந்திரங்களும் அவற்றைச் செய்யத் தெரிந்த கைகளும் வாட்சனிடமே ஆயத்தமாக இருந்தன. அறம் ஆதாயமும் தந்தது. இந்த அனுபவமே பின்னர் நிறுவனத்தின் கொள்கையாக உறைந்தது.

1934-இல் செய்த உருப்படிக்குக் கூலி என்னும் முறை எண்டிகாட்டில் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில் குழு ஆயுள் காப்புறுதியும், 1937-இல் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் வந்தன. தொழிலாளர் கூடி நிறுவனத்தையும் அதன் தலைவரையும் புகழ்ந்து பாடுதற்கெனப் பாட்டுப் புத்தகமே அச்சிடப்பட்டது. 1956-இல் தலைமைக்கு வந்த அவர் மகன் இளைய வாட்சன், 1958-இல் மணிக்கணக்கில் கூலி பெற்றோரையும் மாதச் சம்பளக்காரர் ஆக்கினார். தனிமனிதனை மதித்தல் தம் நிறுவனத்தின் முதற்கொள்கை என்று 1963-இல் நூலாகவும் எழுதி வெளியிட்டார்.

எழுதாத உடன்படிக்கை

வேலை குறைந்த பிரிவில் இருப்போரை நீக்காமல், வேலை மிகுந்த பிரிவுக்கு மாற்றிப் புதிய தொழிலில் பயிற்றுவிப்பதே ஐ.பி.எம்.மின் வழக்கமாயிற்று. இதற்காகக் குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தன. நிறுவனப் பெயரின் மூன்று எழுத்துகளுக்கும் 'நான் இடம் மாற்றப்பட்டேன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்றைப் பொருத்தித் தொழிலாளரே நகையாடுவர். நகையாடினும் பெயர்ந்தனர். சொன்ன ஊருக்குச் செல்வது ஊழியரின் கடன்; வேலையைக் காப்பது நிறுவனத்தின் கடன். இரு தரப்பும் உணர்ந்திருந்த உடன்படிக்கை இது.

எனினும் இவ்வுடன்படிக்கை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. முழு வேலைவாய்ப்பு என்பதை நிறுவனம் தன் வழக்கம் என்று கூறிற்றேயன்றி, அதனை ஒப்பந்தமாகக் கையெழுத்திட்டுத் தந்ததில்லை. அமெரிக்காவில் ஐ.பி.எம். தொழிலாளர் தொழிற்சங்கமும் அமைத்துக்கொள்ளவில்லை. சங்கம் போராடிப் பெறக்கூடியவற்றை நிருவாகமே முன்வந்து தந்ததனால் சங்கத்தின் தேவை உணரப்படவில்லை. ஆகவே அவர்களுடைய பாதுகாப்பு தருவோர் மனத்தில் இருந்தது. பெறுவோர் கையில் இருக்கவில்லை. இவ்வேறுபாடு வளமான காலத்தில் கண்ணுக்குப் புலப்படாது.

அக்காலம் வளமான காலமே. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 7-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட 'சிஸ்டம் 360' என்னும் கணினி வரிசை, உலகக் கணினிச் சந்தையை ஐ.பி.எம்.மின் கையில் கொண்டுவந்து வைத்தது. 1985-இல் அதன் ஊழியர் தொகை 4 இலட்சத்தைக் கடந்தது.

சரிவு

வீழ்ச்சி வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. 1981-இல் ஐ.பி.எம். தானே வெளியிட்ட தனியாள் கணினியின் மூளையை இன்டெல் கம்பெனியும், அதனை இயக்கும் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் கம்பெனியும் தந்தன. பிற கம்பெனிகள் அதே உறுப்புகளைக் கொண்டு மலிவான கணினிகளைச் செய்யத் தொடங்கின. சிறு கணினிகள் ஆற்றல் பெறப் பெற, ஐ.பி.எம்.முக்குப் பேரிலாபம் தந்த பெருங்கணினிகளின் விலை சரிந்தது.

1980-களின் பிற்பகுதியிலிருந்தே நிருவாகம் ஆட்களைக் குறைக்க முயன்றது. ஆயினும் நீக்கம் என்னும் பெயரால் அன்று; முன்கூட்டியே ஓய்வு பெறுவோர்க்குப் பணம் தந்து விருப்பத்தோடு விலகச் செய்தது. 1991-இல் தலைவர் ஜான் ஏக்கர்ஸ், நிறுவனம் இடரில் இருக்கும்பொழுது ஊழியர் சுகமாக இருக்கின்றனர் என்னும் பொருள்படக் கடிந்து பேசினார். மேலாளர் கூட்டம் ஒன்றில் பேசப்பட்ட அச்சொற்கள் ஊழியரிடையே பரவிச் செய்தித்தாள்களையும் எட்டின. தவறு யாருடையது என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

1992-இல் ஐ.பி.எம். 497 கோடி டாலர் நட்டம் கண்டது. 1993 ஜனவரியில் ஏக்கர்ஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். ஏப்ரல் திங்கள் 1-ஆம் நாள், கணினித் துறையைச் சாராத லூயி கெர்ஸ்ட்னர் தலைமை ஏற்றார். ஜூலையில், மேலும் 35,000 பேரைக் குறைக்கப்போவதாகவும், அச்சீரமைப்புக்கு 890 கோடி டாலர் ஒதுக்குவதாகவும் அவர் அறிவித்தார். பழைய வழக்கத்தில் எஞ்சியிருந்தது அத்துடன் மறைந்தது. விலக்கப்பட்டோரும், ஓய்வு பெற்றோரும், விற்கப்பட்ட பிரிவுகளோடு சென்றோரும் சேர, 1994 இறுதியில் ஊழியர் தொகை ஏறத்தாழ 2 இலட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கியது. பத்தாண்டுக்குள் பாதியளவு குடும்பங்கள் அந்நிறுவனத்தோடு கொண்ட தொடர்பை இழந்தன.

கெர்ஸ்ட்னர் பக்கத்து நியாயத்தையும் கூறுதல் முறை. குறைக்க வேண்டியதை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைத்து அனைவரையும் அச்சத்தில் வைத்திருப்பதைவிட, ஒரே முறையில் விரைந்து முடிப்பதே நன்று என அவர் கருதினார். நிறுவனத்தைப் பல துண்டுகளாகப் பிரிக்க முன்னர் வகுத்திருந்த திட்டத்தையும் கைவிட்டார். 1994-இல் ஐ.பி.எம். மீண்டும் இலாபம் கண்டது. நிறுவனம் பிழைத்தது என்பதில் ஐயமில்லை. எவ்விலைக்குப் பிழைத்தது என்பதை ஹட்சன் ஆற்றங்கரை ஊர்களில்தான் காண வேண்டும்.

ஹட்சன் பள்ளத்தாக்கு

நியூயார்க் நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றின் இருமருங்கும் போக்கீப்சி, கிழக்கு ஃபிஷ்கில், கிங்ஸ்டன் ஆகிய இடங்களில் ஐ.பி.எம்.மின் பெரிய ஆலைகளும் ஆய்வுக்கூடங்களும் இருந்தன. அவ்வூர்களில் வீடு விற்பவர், கடைக்காரர், பள்ளி ஆசிரியர் என அனைவர் வாழ்வும் ஏதோ ஒரு வகையில் அந்நிறுவனத்தைச் சார்ந்திருந்தது. 1993-இல் நேரடி ஆட்குறைப்பு அங்கு வந்தபொழுது, வேலையிழந்தோர் ஒரே நேரத்தில் வீடுகளை விற்க முற்பட்டனர்; வீட்டு விலை சரிந்தது. கிங்ஸ்டன் ஆலையில் ஒரு காலத்தில் ஏழாயிரம் பேர்வரை வேலை செய்தனர். 1995-இல் அது மூடப்பட்டது.

மூன்று விளக்கங்கள்

இப்பகுதியில் வேலையிழந்த நடுத்தர வயதுடைய நிரலர் சிலர், அதாவது கணினிக்கு ஆணைத்தொடர் எழுதுவோர், தம் பழைய அலுவலகத்துக்கு அருகில் இருந்த சிற்றுண்டிச் சாலை ஒன்றில் கூடிப் பேசுவது வழக்கம். சமூகவியல் அறிஞர் ரிச்சர்ட் சென்னட் அவர்களோடு அமர்ந்து கேட்டவற்றைத் தம் 1998-ஆம் ஆண்டு நூலில் விவரித்துள்ளார். தமக்கு நேர்ந்ததற்கு அவர்கள் கூறிய விளக்கம் காலப்போக்கில் மூன்று முறை மாறிற்று என்பது அவர் கண்ட உண்மை.

முதலில் அவர்கள் நிருவாகத்தைக் குறை கூறினர். மேலதிகாரிகள் முன்பே சதி செய்து, வாக்களிப்பது போல் நடித்து ஏமாற்றினர் என்றனர். சினம் அதில் இருந்தது. ஆயின் அவ்விளக்கம் நிலைக்கவில்லை. தம்மை நீக்கிய அதிகாரிகளுள் பலர் அடுத்த சுற்றில் தாமும் நீக்கப்பட்டதை அவர்கள் கண்டனர். சதி செய்தவன் தன் குழியில் தானே வீழ்வானேன் என்னும் ஐயம் எழுந்தது. நிறுவனம் பிழைபட நடந்தது உண்மை. திட்டமிட்டு வஞ்சித்தது என்பதற்குச் சான்று போதவில்லை.

இரண்டாவதாக, அவர்கள் உலகப் பொருளாதாரத்தைக் குறை கூறினர். குறைந்த சம்பளத்துக்கு இந்தியாவிலிருந்து நிரல் எழுதி அனுப்புவோர் தம் வேலையைப் பறித்தனர் என்றனர். தம் இழப்புக்கு அயலான் ஒருவனின் முகத்தைத் தேடும் இவ்வியல்பு எந்நாட்டுத் தொழிலாளர்க்கும் புதிதன்று. எனினும் இவர்கள் பொறியாளர்கள். வேலையின் தரத்தைக் கண்டறியத் தெரிந்தவர்கள். நன்கு எழுதப்பட்ட நிரலை நன்றன்று என்று கூற அவர்களால் இயலவில்லை. ஆதலின் இவ்விளக்கமும் நெடுநாள் நிறைவு தரவில்லை.

மூன்றாவதாக, அவர்கள் தம்மையே நோக்கினர். பெருங்கணினியையே நம்பியிருந்தது தம் பிழை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே துணிந்து வெளியேறி, சிலிக்கான் பள்ளத்தாக்கின் சிறு கம்பெனிகளுக்குச் சென்றிருக்க வேண்டும் என்றனர். தனியாள் கணினி ஓங்குவதைத் தாம் கண்டும் காணாதிருந்ததாக வருந்தினர்.

சென்னட் இம்மூன்றாம் விளக்கத்தைத் தாழ்வாகக் கருதவில்லை. சதிக்கும் உலகச் சந்தைக்கும் இரையானவர் என்னும் நிலையினின்று, தம் வாழ்வைத் தாமே நடத்தியவர் என்னும் நிலைக்கு அது அவர்களை உயர்த்தியது. தோல்வியைத் தோல்வி என்று வாய்விட்டுக் கூற அவர்களால் முடிந்தது. ஆயினும் அவர் மற்றொன்றையும் கண்டார். ஊராட்சி மன்றம், பள்ளிக் குழு முதலிய பொதுப்பணிகளில் முன்பு ஈடுபட்டிருந்த அவர்கள் மெல்ல விலகலாயினர். கோயிற் பணியில் மட்டும் ஈடுபாடு மிகுந்தது. தம் தோல்வியைத் தமக்குள் வைத்துக்கொண்டு ஆறுதல் தேடினர்.

ஈண்டு ஆழ்ந்து நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூன்று விளக்கங்களுள் எதுவும் அவர்களைக் கூட்டாக ஒரு செயல் செய்யத் தூண்டவில்லை. முதலது சினத்தையும், இரண்டாவது பகையையும், மூன்றாவது வெட்கத்தையும் விளைத்தன. கூடிப் பேசினர், கூடிச் செயற்படவில்லை. அறுபது ஆண்டுக்காலம் நிருவாகத்தின் நல்லெண்ணத்தை நம்பி வாழ்ந்தோர்க்குக் கூட்டுச் செயலின் பழக்கமே இல்லாது போயிற்று.

ஓய்வூதியப் போராட்டம்

அப்பழக்கம் ஆறு ஆண்டுகள் கழித்தே பிறந்தது. அதனைப் பிறப்பித்தது ஆட்குறைப்பு அன்று. வேலையில் எஞ்சியிருந்தோரின் ஓய்வூதியம். 1999-இல் ஐ.பி.எம். தன் ஓய்வூதியத் திட்டத்தை மாற்றியது. பழைய முறையில் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளிலேயே ஓய்வூதியம் மிகுதியாக வளரும். புதிய முறை எல்லா ஆண்டுகட்கும் சீராகப் பங்கிட்டது. ஆதலின் நாற்பதுகளில் இருந்தோர், தாம் பல ஆண்டுகள் காத்திருந்த வளர்ச்சி வரும் தறுவாயில் அதனை இழக்கலாயினர். கணக்கு அவர்களுடைய தொழில். தமக்கு எவ்வளவு இழப்பு என்பதைத் தாமே கணக்கிட்டு ஒருவருக்கொருவர் காட்டினர்.

இம்முறை குற்றம் யார்மீது என்னும் வினாவில் குழப்பம் இல்லை. மாற்றியவர் யார், இழப்பவர் யார், இழப்பு எவ்வளவு என்பன மூன்றும் தெளிவாக இருந்தன. வெர்மான்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் பெர்னி சாண்டர்ஸ் ஊழியர் பக்கம் நின்று குரல் எழுப்பினார். செனட் சபையின் குழு விசாரணை நடத்திற்று. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் ஓரளவு பின்வாங்கி, 40 வயதும் 10 ஆண்டுப் பணியும் நிறைந்தோர் பழைய திட்டத்திலேயே இருக்கலாம் என்று அறிவித்தது. இதனால் மேலும் ஏறத்தாழ 35,000 பேர்க்குப் பழைய திட்டத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை கிடைத்தது.

அதே ஆண்டில் தகவல் தொடர்புத் தொழிலாளர் சங்கத்தின் துணையோடு ஐ.பி.எம். ஊழியர் கூட்டணி ஒன்றும் தோன்றியது. நிருவாகத்தோடு பேரம் பேசும் சட்ட உரிமையை அது பெறவில்லை. எனினும் நிறுவனம் வெளியிடாத ஆட்குறைப்புச் செய்திகளைத் திரட்டி வெளியிடும் பணியைச் செய்து வந்தது. ஓய்வூதிய மாற்றம் வயது முதிர்ந்தோர்க்கு ஓரவஞ்சனை என்று தொடரப்பட்ட வழக்கில் 2003-இல் ஊழியர்க்குச் சார்பான தீர்ப்பு வந்தது. 2004-இல் வழக்கின் ஒரு பகுதிக்கு ஏறத்தாழ 32 கோடி டாலர் தர நிறுவனம் இசைந்தது. எஞ்சிய பகுதியில் 2006-இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பை மாற்றி நிறுவனத்தின் பக்கம் கூறிற்று. ஊழியர் கூட்டணியும் உறுப்பினர் குறைந்து 2016-இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது.

சொல்லும் பொருளும்

மொழி பயிற்றுவோர்க்கு இவ்வரலாற்றில் தனியே கவனிக்கத் தக்கது சொல்லாட்சி. வேலை நீக்கம் என்னும் சொல்லை ஐ.பி.எம். நிருவாகம் தவிர்த்தே வந்தது. பின்னாளில் 'வள நடவடிக்கை' என்று பொருள்படும் தொடரை வழங்கிற்று. ஆள் என்பான் வளம் ஆனான். நீக்கம் நடவடிக்கை ஆயிற்று. ஊழியர் அத்தொடரைச் சுருக்கி, நீக்கப்பட்டான் என்னும் பொருளில் வினைச்சொல்லாகவே ஆண்டனர். மங்கலமாகச் சொல்லக் கருதிய சொல், பொருளின் அழுத்தத்தால் மீண்டும் அமங்கலமாயிற்று. இடக்கரடக்கலுக்கு எல்லை உண்டு என்பதற்கு இஃதொரு சான்று.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்

2023-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள், கூகுளும் அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டும் 12,000 பேரை நீக்குவதாக அறிவித்தன. அவற்றின் தலைவர் சுந்தர் பிச்சை 1972-இல் மதுரையில் பிறந்தவர். இம்முடிவுக்குத் தாமே முழுப் பொறுப்பு ஏற்பதாக ஊழியர்க்கு எழுதிய மடலில் அவர் கூறினார். அமெரிக்காவில் இருந்தோர் பலர் தாம் நீக்கப்பட்டதை மின்னஞ்சல் வாயிலாகவே அறிந்தனர்.

ஐ.பி.எம். ஊழியரின் முதல் சினத்தைத் தணித்தது நிறுவனத்தின் நட்டம். நோயுற்ற உடலில் அறுவை என்று அதனை ஒருவாறு ஏற்க முடிந்தது. ஆல்ஃபபெட்டோ 2022-இல் ஏறத்தாழ 6,000 கோடி டாலர் இலாபம் ஈட்டியிருந்தது. ஆகவே ஏன் என்னும் வினா இம்முறை எளிதில் அடங்கவில்லை. மார்ச் திங்களில் ஏறத்தாழ 1,400 ஊழியர், நீக்கப்பட்டோரை முதலில் மீண்டும் சேர்த்துக்கொள்ளுதல் முதலான கோரிக்கைகளுடன் தலைவர்க்குத் திறந்த மடல் எழுதினர். 2021-இல் அந்நிறுவன ஊழியர் அமைத்திருந்த சிறு தொழிற்சங்கமும் குரல் கொடுத்தது. ஹட்சன் கரையினர் ஆறு ஆண்டுகளுக்குப் பின் கண்ட வழியை இவர்கள் இரு திங்களில் கண்டனர்.

இவர்களுள் ஒரு பகுதியினர்க்கு இன்னும் கடுமையான நெருக்கடி இருந்தது. எச்-1பி என்னும் தற்காலிக வேலை அனுமதியில் வந்த அயல்நாட்டார் வேலையிழந்தால், 60 நாள்களுக்குள் வேறு முதலாளியைத் தேட வேண்டும். இன்றேல் வேறு அனுமதிக்கு முயல வேண்டும் அல்லது நாட்டை விட்டு நீங்க வேண்டும். இவ்வனுமதி பெற்றோருள் மிகப் பலர் இந்தியர். அவருள் தமிழரும் உளர். 1993-இல் அமெரிக்க நிரலர் தம் வேலையைப் பறித்தவராக எண்ணிய மக்களின் அடுத்த தலைமுறை, 2023-இல் அதே நாட்டில் அதே இழப்புக்கு ஆளாகி நின்றது.

முடிவுரை

இவ்வரலாறு முழுவதிலும் ஊழியர் தேடியது வேலையை மட்டுமன்று. நடந்ததற்குப் பொருந்திய ஒரு காரணத்தையும் தேடினர். காரணத்தை எங்கே காண்கிறோமோ அங்கேயே செயலும் பிறக்கிறது. வஞ்சகர் என்றும் அயலார் என்றும் தேடியவர்க்குச் செய்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தம்மையே குறை கூறியவர்க்கு ஓரளவு அமைதி கிடைத்தது, நீதி கிடைக்கவில்லை. எந்த விதி மாற்றப்பட்டது, யார் மாற்றினர், தமக்கு உரியது எவ்வளவு என்று கணக்கிட்டுக் கேட்டவர்க்கே ஏதேனும் கிடைத்தது.

நல்லெண்ணமுடைய முதலாளியைப் பழித்தல் இதன் நோக்கமன்று. வாட்சன் தம் தொழிலாளர்க்குச் செய்தவை பல. பெருமந்தக் காலத்தில் எண்டிகாட் குடும்பங்கள் பசியறியாது வாழ்ந்தது அவரால். ஆயின் வாட்சனின் நல்லெண்ணம் வாட்சனோடு வாழ்ந்தது. அவர் மகனோடு சிலகாலம் வாழ்ந்தது. 1993-இல் அதனைக் காட்டி முறையிட ஓர் ஏடு இல்லை, ஓர் அமைப்பு இல்லை. 1999-இல் மீட்கப்பட்ட 35,000 பேரின் ஓய்வூதிய உரிமையோ எழுத்தில் அமைந்தது. அதனைக் கேட்டுப் பெற்ற கூட்டணி கலைந்த பின்னும் அந்த எழுத்து நின்றது.